எதிர்வீட்டில் ஆள் வேண்டும்

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மக்கள் சரியான நேரத்தில் வந்துவிட்டார். அவர் பெயர் மாசிலாமணி.

திண்டிவனத்திலேயே பெரிய கல்யாண மண்டபத்தை அதற்காகப் பிடித்திருந்தார்கள். முந்நூறு நாற்காலிகள், வாசலில் பன்னீர் தெளிக்க ஒரு பெண், மேடை நிறையப் புறநகர் அடர்த்தி ஆணையத்தின் அதிகாரிகள். கீழே மாசிலாமணி. ஊரை ஒட்டி நெடுஞ்சாலைப் பக்கம் மூடிக் கிடந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில்லை இடித்துவிட்டு, அந்த நிலத்தில் கீழே கடை, மேலே வீடு, நடுவே பூங்கா என்று ஜனம் நெருக்கியடித்து வாழும் ஒரு புதுக் குடியிருப்பைக் கட்டுவதென்று ஆணையம் தீர்மானித்திருந்தது. அதற்கு அங்கே குடியிருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. குடியிருந்தவர் மாசிலாமணி ஒருவர்தான். மில் மூடியபோது குவார்ட்டர்ஸில் இருந்த எல்லாரையும் காலி செய்யச் சொன்ன கம்பெனி, பின்வரிசையில் கடைசி வீட்டை மட்டும் மறந்துவிட்டது. ஞாபகப்படுத்த வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

“எல்லாரும் முன்னாடி வந்து உக்காருங்க,” என்றார் இணை இயக்குநர் மணிமாறன், மைக்கில்.

மாசிலாமணி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“தயவுசெஞ்சு அமைதி காக்கணும்.”

மாசிலாமணி இருமலை அடக்கிக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஆர்த்தி, கையில் மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்தாள். சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள். “சார், கூட்டத்துல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருந்தாகணும். கொஞ்ச நேரம் அந்த வரிசையில உக்கார்றீங்களா? போட்டோல முதுகுதான் விழும்.” மாசிலாமணி துண்டை முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பகுதியில் உட்கார்ந்தார். பிறகு இளைஞர் பகுதி. அங்கே துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

மணிமாறன் பேசினார். “நம்ம பக்கத்துல ஒரு ஏக்கருக்கு எவ்ளோ பேர் வாழறாங்க? ரொம்பக் கம்மி. ஏன் கம்மி? ஜனங்க அவங்க இஷ்டத்துக்கு வாழறாங்க. ஆணையம் வந்ததுக்கப்புறம் அந்த நிலைமை இருக்காது. எப்படி வாழணும்ங்கறத ஜனங்ககிட்ட விடாத ஊர் எப்படி இருக்கும்னு பாக்கறதுக்காகவே நான் குடும்பத்தோட சிங்கப்பூர் போய்ட்டு வந்தேன்.”

அதிகாரிகள் கைதட்டினார்கள். மக்கள் கருத்தைக் கேட்கும் நேரம் வந்தது. மாசிலாமணி எழுந்து நின்றார்.

“எனக்குக் காசு பணம் எதுவும் வாணாங்க. எதிர்வூட்ல ஆள் இருக்கணும். என் கதவத் தொறந்தா எதுருல ஒரு கதவு. தட்டனா தொறக்கறதுக்கு ஒரு ஆளு. அவ்ளோதான்.”

மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி மலிவாக ஒரு சம்மதம் ஆணையத்தின் சரித்திரத்தில் கிடைத்ததில்லை.

“அடர்த்தித் திட்டங்க இது. நாலாயிரம் பேர் வரப்போறாங்க. எதிர்வூடு என்ன, பக்கத்து வூடு, மேல் வூடு, கீழ் வூடு எல்லாத்துலயும் ஆளுங்கதான். அப்புறம் தூங்க முடியலன்னு நீங்களே மனு குடுப்பீங்க,” என்றார் மணிமாறன்.

மக்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பு எழுதினார்கள். முந்நூறு பேருக்குச் சமைத்த சாப்பாட்டில் ஒரு பொட்டலத்தை மாசிலாமணியின் கையில் கொடுத்தார்கள்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். மில் மூடி, வரிசை வரிசையாக வீடுகள் காலியான பிறகு ஒரு மத்தியானம், அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். அந்த வீடு காலியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். வேறெந்தக் கதவைத் தட்டுவது? மாசிலாமணி கத்திரிக்காயோடு திரும்பி வந்தபோது எதிர்வீட்டுப் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ காத்திருப்பவள் மாதிரிதான் இருந்தது.

மில் இடிந்தது. புகைபோக்கி விழுந்த இடத்தில் ஏ பிளாக் எழுந்தது, புண்ணாக்குக் கிடங்கு இருந்த இடத்தில் பி பிளாக். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கீழ்த்தளத்தில் கடைகளுக்கு ஆணையமே பெயர்ப்பலகை எழுதி மாட்டிவிட்டது: மளிகை, சலூன், மருந்துக் கடை, ‘அண்டை அயலார் தேநீர் நிலையம்’. எல்லாவற்றுக்கும் ஷட்டர் இறங்கியிருந்தது. மாசிலாமணிக்கு ஏ பிளாக்கில் ஏழாவது மாடியில் ஒரு வீடு. சாவியைக் கொடுக்கும்போது மணிமாறன், “கடைசி வீடு வரைக்கும் வித்துப்போச்சுங்க, ஹவுஸ் ஃபுல்,” என்றார்.

மில் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. புது வீடு புகுந்தவர் பால் காய்ச்சினால், முதல் தம்ளர் எதிர்வீட்டுக்கு. அவர்கள் வாய் வைத்த பிறகுதான் வீட்டுக்காரர் குடிக்கலாம். மாசிலாமணி பாலைக் காய்ச்சினார், பொங்கவிட்டார், தம்ளரோடு எதிர்க்கதவைத் தட்டினார். பூட்டு. பக்கத்துக் கதவு, பூட்டு. மேல்மாடி, அதற்கு மேல்மாடி, பிறகு இறங்கி ஆறு, ஐந்து, நாலு. ஒவ்வொரு கதவிலும் மாவிலைத் தோரணம் இருந்தது, பிளாஸ்டிக்கில். தரைத்தளத்துக்கு வந்தபோது பாலில் ஆடை கட்டியிருந்தது. மளிகைக் கடை ஷட்டரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பாலைப் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த சிமென்டுத் தரையில் ஊற்றினார். தான் குடிக்கவில்லை. வழக்கம் அப்படி.

மறுநாள் பஸ் ஏறி விழுப்புரத்தில் இருந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார்.

“எதிர்வூட்ல ஆள் இல்லீங்க.”

“இருக்காரே,” என்றார் மணிமாறன், கம்ப்யூட்டரைப் பார்த்து. “கோட்டக்குப்பத்துக்காரர். துபாய்ல இருக்கார்.”

“துபாய்ல கீறாரு சரி. கதவத் தட்டனா?”

“தட்டக்கூடாதுங்க, பாலிஷ் போயிடும். இது முதலீடு. ஜனம் வந்துட்டாங்க, அதுல சந்தேகமே வேணாம். என்ன, அவங்கவங்க ஊர்லயே இருந்துக்கிட்டு வந்திருக்காங்க.”

“வாடகைக்காவது குடுக்கலாமே.”

மணிமாறனின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. “ஆள் குடியிருந்தா வீடு பழசாயிடும்ங்க. பழசானா விலை எறங்கிடும். குடியிருக்கறவங்களால ஒரு குடியிருப்பு எவ்ளோ கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியாது. நாங்க எவ்ளோ இடத்துல பாத்திருக்கோம்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “ஆனா உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கோம். ஆணையம் வாக்கு மாறாது,” என்றார்.

மாறவில்லை. அந்த வாரமே ஒரு வேன் வந்தது. விளம்பரப் பலகையில் இருக்கும் சந்தோஷமான குடும்பத்தை, அப்பா, அம்மா, பெண், பையன், நாய் சகிதம், ஆள் உயரத்துக்கு பிளைவுட்டில் வெட்டி, எதிர்க்கதவுக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, மாசிலாமணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் வெள்ளைவெளேர் என்று இருந்தார்கள். அப்பா கையில் காபிக் கோப்பை. நாலு பேருக்கும் ஒரே பல் வரிசை.

முதலில் மாசிலாமணி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் போகவர ஒரு தலையசைப்பு. ஆடி மாசத்துப் புழுதி அவர்கள் முகத்தில் படிந்தபோது துண்டை நனைத்துத் துடைத்துவிட்டார். நாயின் காதுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியேறியது. அந்த மாடிக்கு வந்து சேர்ந்த இரண்டாவது குடித்தனம் அதுதான். சண்டை சச்சரவு கிடையாது. பேச்சும் கிடையாது.

அடுத்த மாசம் ஆர்த்தி லிஃப்டில் வந்து இறங்கினாள். டில்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, நாட்டிலேயே சிறந்த அடர்குடியிருப்புக்கு விருது கொடுக்கும் குழு. அவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவது ஒரு சாயங்காலம் நெடுஞ்சாலையில் போகிறபோது காரிலிருந்து பார்ப்பார்கள்.

“அதனால சார், தெனம் சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட் எரியணும். பால்கனியில துணி காயணும். சாவிக்கொத்து இதோ. துணி நாங்களே குடுத்துடறோம்.”

“அம்புட்டு வூட்லயுமா?”

“எல்லாத்துலயும் போட்டா பொய்யா தெரியும் சார். நேச்சுரலா இருக்கணும்.”

மாசிலாமணி நேச்சுரலாகச் செய்தார். மூன்றாம் மாடியில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அங்கே விளக்கு சீக்கிரம் அணைந்தது. ஐந்தாம் மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்; மேஜை விளக்கு மட்டும். ஒன்பதில் மாமியார் மருமகள் தகராறு. ஹாலிலும் சமையலறையிலும் தனித்தனியாக விளக்கு. சேலைக்குப் பக்கத்தில் சேலை, பாவாடைக்குப் பக்கத்தில் சட்டை, ஒரு வீட்டில் மட்டும் மூன்று நாளாக எடுக்காத போர்வை, ஏனென்றால் அப்படி ஒரு வீடு எங்கேயும் இருக்கும். படி ஏறி இறங்கி முடிக்கும்போது முட்டி கழன்றுவிடும். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், அடடா, எவ்வளவு ஜனம் என்று அவருக்கே தோன்றும். அந்த ஒன்பதாம் மாடித் தகராறைப் பேசித் தீர்த்துவைக்க வேண்டும் என்று ஒரு நாள் லிஃப்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

ஒரு சாயங்காலம் எதிரே பி பிளாக்கைப் பார்த்தார். அங்கேயும் விளக்குகள். ஒரு பால்கனியில் பச்சைப் புடவை. காற்றில் குக்கர் விசில் சத்தம் வந்தது. விளக்கைப் போட்டுவிடலாம், துணியைத் தொங்கவிடலாம். குக்கரை யாரும் பொய்யாக விசிலடிக்க வைக்க முடியாது.

மறுநாள் பால் வாங்கினார். காய்ச்சிப் பொங்கவிட்டுத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பி பிளாக்கில் படியேறினார். ஆறாம் மாடி நடையில், கையில் சாவிக்கொத்தும் தோளில் ஈரத்துணியுமாக ஒரு பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய உருவம். அவரைக் கண்டதும் சாவிக்கொத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

“யாருண்ணா நீ?”

“ஏ பிளாக்கு. ஏழாவது மாடி. பால் கொண்டாந்தேன்.”

“ஏ பிளாக்கா?” அவள் முகம் மலர்ந்தது. “எம்மாம் ஜனம்ணா உங்கூட்ல. நான் தெனம் பாத்துக்கினே இருப்பேன். அந்த மூணாவது மாடில சின்னஞ்சிறுசுங்க, ஏழு மணிக்கே லைட்ட அணைச்சுடுதுங்க. ஒம்பதாவது மாடில எப்பவும் சண்ட போல.”

மாசிலாமணி தூக்கைக் கீழே வைத்தார். கால் வலிப்பதுபோல் படியில் உட்கார்ந்தார்.

“உன் பேர் இன்னாம்மா?”

“பாஞ்சாலி. விக்கிரவாண்டிப் பக்கம் நம்ம ஊரு. சாயந்தரம் பஸ்ல வந்து லைட்டு போட்டுட்டு, துணி மாத்திட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போய்க்கினே இருப்பேன்.”

“குக்கர்?”

“கேப்பக் களிக்கு ஊத்திக்கக் கொழம்பு வெச்சு எடுத்துக்கினு போவேன். கேஸ் இங்க சும்மா கெடக்குது.”

மாசிலாமணி தன் மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். பாஞ்சாலி அதைப் பார்த்தாள். எதிரே, மூன்றாம் மாடியைப் பார்த்தாள்.

“அப்ப அந்தப் பரீட்ச படிக்கற பொண்ணு?”

“நான்தாம்மா.”

“பாஸ் ஆவணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேனே,” என்றாள்.

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவரோடு படியில் உட்கார்ந்தாள். வழக்கத்தைச் சொன்னார். “ஏ பிளாக்குக்கு பி பிளாக்கு எதிர்வூடுதானே, குடுண்ணா,” என்று தூக்கின் மூடியில் ஊற்றிக் குடித்தாள். பிறகு அவர் குடித்தார். குடிபுகுந்து நாலு மாசம் கழித்து அன்றைக்குத்தான் அவர் புது வீடு புகுந்தார்.

“எங்கூட்ல ஒரே ரூமு, ஆறு பேரு,” என்றாள் பாஞ்சாலி. “காலு நீட்டனா யார் மேலயாவது பட்டுக்கும். இங்க வந்து ஒரு வூட்ல பத்து நிமிசம் மல்லாக்கப் படுத்துக்கறேன்.”

“ஆறு பேரா?” என்றார் மாசிலாமணி. அவர் குரலில் இருந்த பொறாமையைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள்.

“வேணும்னா ரெண்ட அனுப்பி உடட்டா?” என்றாள்.

விருது கிடைத்துவிட்டது. மண்டபம் அதே மண்டபம், நாற்காலி அதே முந்நூறு. ஆணையத்தின் தலைவரே வந்தார். “வருங்காலம் எப்படி இருக்கும்னு கேக்கறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன்,” என்றார். “குப்பை இல்ல, கூச்சல் இல்ல, தண்ணிப் பிரச்சினை இல்ல, புகார் இல்ல. ஒரு வருஷமா இந்தக் குடியிருப்புல ஒரு சாக்கடை அடைச்சுக்கிட்டதுன்னு யாராவது சொல்ல முடியுமா? காரணம் திட்டமிடல்.” பிறகு மக்களைப் பேச அழைத்தார்கள்.

மாசிலாமணி எழுந்தார். “எதிர்வூட்ல ஆள் வேணும்னு கேட்டிருந்தேங்க. பி பிளாக்குல லைட்டு போடற பாஞ்சாலி கீது. ஆறு பேர் ஒரு ரூம்ல கஷ்டப்படுதுங்க. துபாய்க்காரர் வர்ற வரைக்கும் அதுங்களக் குடி வெச்சீங்கன்னா அடர்த்தியும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.”

தலைவர் மணிமாறனைப் பார்த்தார். மணிமாறன் மைக்கை வாங்கிக்கொண்டார். “ரெண்டு பிளாக் மக்கள் ஒருத்தரையொருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு உறவு வளர்ந்திருக்கு. சமூக நல்லிணக்கம்ங்கற இலக்கையும் எட்டிட்டோம்!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இலக்கை எட்டிவிட்டதால் மறுவாரமே விளக்குகளுக்கு டைமர் வைத்தார்கள். சாவிக்கொத்து இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாஞ்சாலியை நிறுத்திவிட்டார்கள்.

அவள் கடைசியாகக் குக்கரை எடுத்துக்கொண்டு போக வந்தாள். திண்டிவனத்தில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருந்தது. கோவிந்தம்மாளைப் பற்றி மாசிலாமணி அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

“உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருண்ணா பாப்பாங்க?”

“போன் இருக்குதே.”

“என் போன் மருமவ கையில கீது. நீ செத்தாலும் அது எடுக்காது.” யோசித்தாள். “என் பஸ்சு இந்த ரோட்லதான் போவுது, காலைல ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி. உன் பால்கனில அந்த செவப்புத் துண்டத் தொங்கவுடு. சாயந்தரம் இருக்கணும், காலைல இருக்கக்கூடாது. மாறியிருந்தா நான் எறங்கி வந்து பாக்கறேன்.”

அப்படியே நடந்தது. சாயங்காலம் துண்டைப் போடுவார். விழுப்புரம் போகிற பஸ்கள் ஒவ்வொன்றாகப் போகும். எந்த பஸ், எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியாது. அவளைப் பார்க்கவும் முடியாது. விடிந்ததும் துண்டை எடுத்துவிடுவார். சுற்றிலும் டைமர் விளக்குகள் எல்லா மாடியிலும் ஒரே நொடியில் எரிந்து ஒரே நொடியில் அணைந்தன. அந்தப் பரீட்சைப் பெண்கூட ராத்திரி ஒன்பதுக்கே படிப்பை நிறுத்திவிட்டாள்.

கார்த்திகை மாசத்தில் ஆணையத்திலிருந்து ஆள் வந்தார்கள். விருது பெற்ற கட்டடம், பால்கனியில் துணி தொங்கினால் தோற்றம் கெடுகிறது என்று சொல்லித் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாசிலாமணி வேறு ஒன்றைப் போட்டார். அதையும் எடுத்துக்கொண்டு, பால்கனிக் கம்பியில் ஓர் எச்சரிக்கையும் ஒட்டிவிட்டார்கள்.

அன்று இருட்டுகிற நேரத்தில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. யார் வீட்டிலோ என்று முதலில் நினைத்தார்.

பாஞ்சாலி மூச்சிரைக்க நின்றிருந்தாள். லிஃப்டு வேலை செய்யவில்லை.

“கீறியா?” என்றாள்.

“கீறேன்.”

“அப்பறம் துண்டு எங்க? பஸ்ச நிறுத்தச் சொல்லி கண்டக்டர்கிட்ட சண்ட போட்டுட்டு வரேன். பேஜாரு புடிச்ச ஆளு நீ.” வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். எதிரே சந்தோஷமான குடும்பம் அவளைப் பார்த்துச் சிரித்தது. “இன்னாண்ணா இது?”

“எதிர்வூட்டுக்காரங்க.”

அவள் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். “இது ஆணையத்து சாமான்தானே? இத எவனும் எடுக்க மாட்டான் இல்ல?” என்றாள்.

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்கனியில், துண்டு தொங்கிய இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். காற்றில் சாயாமல் இருக்கக் கயிறு கட்டினார்கள். பிறகு அவள் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

பத்து நாள் கழித்து மணிமாறனே நேரில் வந்து, ஆணையத்தின் விளம்பரத்தைத் தன் சொந்த பால்கனியில், சொந்த முயற்சியில் நெடுஞ்சாலைக்குக் காட்டும் முன்மாதிரிக் குடியிருப்போர் என்று ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரியிலும் காலையிலும் மட்டும் ஏன் உள்ளே எடுத்துவிடுகிறீர்கள் என்று கேட்டார். “பனி பட்டா பசங்களுக்கு ஆவாது,” என்றார் மாசிலாமணி. மணிமாறன் அதையும் குறித்துக்கொண்டார்.

இப்போதும் சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவர்கள் பார்க்கலாம். ஏழாவது மாடியில் அப்பா, அம்மா, பெண், பையன், நாய், எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கொடுத்து வைத்தவர்கள் என்று பஸ்ஸில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். ஜன்னலோரம் பாத்திரம் கழுவி ஊறிப்போன கைகளோடு ஒரு பெண் மட்டும் அந்தக் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. அதை வெளியே கொண்டுவந்து நிறுத்த இன்றைக்கும் ஆள் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, விக்கிரவாண்டி வருகிறவரை கண்ணை மூடிக்கொள்கிறாள்.